பூஜைக்கு வைத்த பவர் சப்ளை

மக்கா,

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். எல்லோரும் என்றால் நானும் உன் அம்மாவும்தான். அதிலும் அம்மாவுக்கு இன்று காலைக் காப்பிக்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. டம்ளரைக் கீழே வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தில் எழுதப்போகிற விஷயத்தை முதலில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன், அதனால் வந்த வினை. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. மழை விட்டுவிட்டது, முழங்கால் வலி இந்த மாதம் என்னை மறந்துவிட்டது, சாலைத் தெருவில் கல்யாண சீசன் தொடங்கிவிட்டதால் லவுட்ஸ்பீக்கருக்கு ஆள்மேல் ஆள் வருகிறது. சாயந்தரம் ரேடியோக் கடையை எடுத்து வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனால் சூடாகத் தோசை கிடைக்கிறது. ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டால், ஒன்றே ஒன்று வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மதராஸ் ஒலிபரப்பு நிலையத்து இஞ்சினீயர் உன்னைக் கூப்பிட்டு, 'டிரான்ஸ்மிட்டர் கூடத்துக்கு மெக்கானிக்காக வருகிறாயா, ஸ்டோரிலேயே குமாஸ்தாவாக இருந்துகொள்கிறாயா, வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடு' என்று கேட்டதாக எழுதியிருந்தாய். படித்தவுடன் நான் கடையிலேயே எழுந்து நின்றுவிட்டேன். அரிசிக் கடை அண்ணாச்சியைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தும் விட்டேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினால், 'ஸ்டோரே போதும் என்று நினைக்கிறேன் அப்பா. அங்கே எல்லாம் பெரிய வோல்ட்டேஜ். என் கை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியுமே' என்று இருக்கிறது. அந்த 'நமக்கு' என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. உனக்குத் தெரியாது மக்கா. எனக்குத்தான் தெரியும். தெரிந்ததை மூன்று வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதி ஒட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் சொன்ன பொய்யைச் சாலைத் தெரு முழுக்கக் கேட்டது, திருத்தத்தையும் அது கேட்கட்டும். நம் படிப்பகத்தில் மாதாமாதம் கையால் எழுதி மேஜைமேல் வைக்கிற பத்திரிகைக்கு இதே கடிதத்தின் நகல் ஒன்றைக் கொடுக்கப்போகிறேன். உனக்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும், கூச்சப்பட வேண்டியவன் நான். ரேடியோ விஷயம் அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சில இடங்களில் உனக்குத் தெரிந்ததையே விளக்கிச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் பட்டாளத்துக்காரர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனபோது, கழக்கூட்டத்துக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பில் ஓலைக் கொட்டகை போட்டு மிச்ச சாமான்களை ஏலம் விட்டார்களே, நாம் இரண்டு பேரும் போனோமே, நினைவிருக்கிறதா? பூட்ஸ் குவியல், தகர டப்பா, கான்வாஸ், கம்பிச் சுருள் என்று திருவிழாக் கடை மாதிரி பரப்பி வைத்திருந்தார்கள். மூலையில் நனைந்த தார்ப்பாயின் கீழே அந்தப் பெட்டி கிடந்தது. பச்சைப் பெயிண்ட் உரிந்து, ஒரு கைப்பிடி உடைந்து, அசைக்கவே நாலு ஆள் வேண்டும்போல இருந்தது. பழைய இரும்புக்காரர் ஒருவர் உள்ளே இருக்கிற செம்புக் கம்பிக்காக அதை உடைத்தெடுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நீ தரையில் படுத்து, காற்றுப் போகிற ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, உள்ள ஒரு சேதமும் இல்ல. குளவி கூடு கட்டியிருக்கு, அவ்வளவுதான்" என்றாய். உன் வார்த்தையை நம்பித்தான் கேட்டேன். பட்டாளத்து வயர்லெஸ் செட்டுக்கு மின்சாரம் ஊட்டிய பவர் சப்ளை அது. தெருக் கம்பியில் வருகிற மின்சாரம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே வரும். ரேடியோவின் கண்ணாடி வால்வுகளுக்கு அது ஆகாது, ஒரே பக்கமாக, நிதானமாக, நல்ல உயரத்தில் வேண்டும். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற டிரான்ஸ்பார்மர் அதை உயர்த்தும், இரண்டு பெரிய வால்வுகள் ஒரு பக்கமாகத் திருப்பும், கண்டென்சர்கள் குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பதுபோலப் பிடித்து வைத்து ஆட்டமில்லாமல் விடும். அப்படி ஒரு பெட்டி இருந்தால் ஊரிலேயே பெரிய ஆம்ப்ளிபயரை நாம் கட்டிவிடலாம் என்பது நம் இருவரின் ஆசை.

மாட்டு வண்டியில் அதை ஏற்றிச் சாலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் வண்டிக்காரர் என் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டார். உன் அம்மா வாசலில் நின்று, "என்னத்துக்கு இந்த இரும்புச் சவத்தெ வண்டியேத்திக் கொண்டாந்திருக்கியோ? மனுசன் இருக்கதுக்கே எடமில்ல" என்று கேட்டாள். அன்று முதல் நம் வீட்டில் அதற்கு இரும்புச் சவம் என்றே பெயர். எனக்கு அவசரம். அன்றைக்கே ஓடவைத்துப் பார்த்துவிட வேண்டும். பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனவனை நீதான் கையைப் பிடித்து நிறுத்தினாய். "அப்பா, பொறுங்க. இது நூத்திப்பத்து வோல்ட்டுக்கு வச்சிருக்கு. நம்ம லைன் அதுக்கு ரெண்டு மடங்கு." மூடியைத் திறந்து, டிரான்ஸ்பார்மர் தலையில் இருந்த கம்பியை ஒரு ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு மாற்றி முடுக்கி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இப்ப குத்துங்க" என்றாய். உனக்குப் பதினெட்டு வயது. இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிற நான் பார்க்காததை நீ பார்த்தாய். நான் குத்தியிருந்தால் பெட்டி புகைந்து பழைய இரும்புக்காரர் வீட்டுக்கே போயிருக்கும். இந்த ஒரு சம்பவத்தை மட்டும் நினைவில் வைத்திருந்தால்கூட, பின்னால் நான் சொன்ன பொய்யைச் சொல்ல என் நாக்கு கூசியிருக்க வேண்டும்.

அது ஓடிய அழகை எழுதாமல் இருக்க முடியவில்லை. பாட்டுச் சத்தம் ஏற ஏற அந்த இரண்டு வால்வுக்குள்ளும் ஒரு நீலம் பூத்து ஏறும், சத்தம் இறங்கினால் இறங்கும். அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்த அம்மா, "இதென்ன, வாடாமல்லிக் கலருல்லா!" என்று அப்படியே நின்றுவிட்டாள். தோசை கருகிப் போனது. அவளைச் சமாதானப்படுத்த எனக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த ஒரே சாமான் அந்தச் சவம்தான். வலியசாலையில் நடந்த முதல் கல்யாணத்துக்கு நம் ஆம்ப்ளிபயர் போனபோது நாதஸ்வரம் ஆரியசாலை முக்கு வரை கேட்டதாகச் சொன்னார்கள். நீ பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, சாப்பிடக்கூட எழுந்திரிக்காமல், சத்தத்தில் லேசாக ஒரு இரைச்சல் வந்தால் தலையைச் சாய்த்துக் கேட்டு எந்த வால்வு என்று சொன்னாய். எனக்கு அன்று இருந்த பெருமை சட்டைக்குள் அடங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, பையன் கெட்டுப்போவான் என்ற பயம். அதுவும் ஒரு முட்டாள்தனம்தான், ஆனால் சின்னது.

பெரிய முட்டாள்தனத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டிக்குள் கண்டென்சர்களுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் இருந்தது. சாண் நீளத்தில் சுட்ட மண் குழாய், மேலே கம்பி சுற்றியிருக்கும். பெட்டி ஓடுகிற நேரமெல்லாம் அது பாட்டுக்குச் சூடாகிக்கொண்டே இருக்கும். பாட்டுக்கும் உதவாது, பேச்சுக்கும் உதவாது. கோடையில் ஒரு கல்யாணப் பந்தலில் பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்தேன், தோசைக் கல்லாய்ச் சுட்டது. மின்சாரத்தைத் தின்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்து சூடு கிளப்புகிற தண்டச்சோறு என்று எனக்குப் பட்டது. பக்கத்துக் கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற குட்டன் மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது வெறுதே வச்சதல்ல கேட்டோ. கழட்டண்டா" என்றார். சும்மா வைத்ததல்ல, கழற்ற வேண்டாம் என்று தன் மலையாளத்தில் சொன்னாரே தவிர, ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மோட்டார்க்காரருக்கு ரேடியோவில் என்ன தெரியும் என்ற எண்ணம் எனக்கு. நீ ஒரு நாள் மணக்காட்டில் வாடிக்கைக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்த ரெசிஸ்டரின் ஒரு கம்பிக் காலை வெட்டி விட்டுவிட்டு மூடியைப் போட்டு முடுக்கிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் 'ஏன்ப்பா' என்று கேட்பாய், பதில் சொல்ல வேண்டும்.

அதன் வேலை பெட்டி ஓடும்போது இல்லை மக்கா. நிறுத்திய பிறகுதான். சுவிட்சை அணைத்தாலும், பிளக்கை உருவினாலும், கண்டென்சர்கள் பிடித்து வைத்த மின்சாரத்தை விடாமல் வைத்துக்கொண்டிருக்கும். அதைக் கசியவிட்டுக் காலியாக்குவதற்காகத்தான் பட்டாளத்துக்காரன் அந்தக் குழாயை வைத்தான். நாலு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஆம்ப்ளிபயர் மாட்டியிருக்கிற வரைக்கும் அதன் வால்வுகளே மிச்சத்தைக் குடித்துவிடும். அதனால் நான் செய்தது புத்திசாலித்தனம் என்றே நாலு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவராத்திரி வந்தது. அஷ்டமி சாயந்தரம் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலையில் எடுக்கிற வரைக்கும் புஸ்தகத்தையும் தொடக்கூடாது, ஆயுதத்தையும் தொடக்கூடாது என்பது இந்த ஊர் வழக்கம், நம் வழக்கமும் அதுதான். கடையின் முன் அறையில் கோலம் போட்டு, ஸ்குரூ டிரைவர், குறடு, சால்டரிங் அயன், மீட்டர், பில் புஸ்தகம் என்று எல்லாவற்றையும் இலை மேல் அடுக்கினோம். சவத்தைத் தூக்க முடியாது, இருக்கிற இடத்திலேயே பூஜை. ஆம்ப்ளிபயரைக் கழற்றித் தனியே வைத்தாகிவிட்டது. வருஷம் முழுக்க உழைத்ததை ஒரு தடவை ஓடவிட்டுத்தான் பூஜைக்கு நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. ஒரு நிமிஷம் ஓடவிட்டேன். மிச்சத்தைக் குடிக்க ஆம்ப்ளிபயர் இல்லாததால் கண்டென்சர்கள் கழுத்துவரை நிரம்பி நின்றன. அப்புறம் நீ சுவிட்சை அணைத்தாய். பிளக்கை உருவிக் கீழே சுருட்டி வைத்தாய். மூடியைக் கழற்றி உள்ளே துணி போட்டுத் துடைத்தாய். கண்டென்சர்களின் மேலே வெள்ளைப் பீங்கானில் குமிழ் குமிழாகத் தலை இருக்குமே, அதைக் காட்டி நான்தான் சொன்னேன், "ஒவ்வொரு தலைக்கும் ஒரு பொட்டு வச்சிரு மக்கா" என்று. உலகத்தில் வேறு எந்த ஊர் ரேடியோக்காரனும் கண்டென்சருக்குப் பொட்டு வைக்கச் சொல்லியிருக்க மாட்டான். நீ கிண்ணத்தில் விரலை விட்டு, ஈரச் சந்தனத்தோடு இரண்டு விரலையும் கொண்டுபோனாய்.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை, ஒரு சொடக்குத்தான். நீ பின்னால் தூக்கி எறியப்பட்டுச் சுவரில் தலை மோதி விழுந்தாய். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன், நீ அசையவில்லை. அந்த நிமிஷத்தை நான் எழுதமாட்டேன், அதை மட்டும் என்னிடம் வைத்துக்கொள்கிறேன். அம்மா சுண்டல் கரண்டியோடு ஓடிவந்தாள். அரிசிக் கடை அண்ணாச்சி தாவி வந்து உன் நெஞ்சில் காதை வைத்து, "மூச்சிருக்கு" என்றார். பிறகு தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தார். "கரண்டை நிப்பாட்டலியா? பிளக்கை யாரு ஊருனது?" என்று கேட்டார். நீ மூச்சுவிடுகிறாய் என்று தெரிந்த மறுநொடி அது. என் மூளை அவ்வளவு வேகமாக அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. "நாந்தான், இப்பத்தான் ஊருனேன். பய சுவிச்சு போட்டமட்டுக்கே தொட்டுட்டான்" என்றேன்.

அவ்வளவுதான். ராத்திரிக்குள் சாலைத் தெரு முழுக்கச் செய்தி. பையன் கரண்டை நிறுத்தாமல் தொட்டான், தகப்பன் சமயத்தில் பிளக்கைப் பிடுங்கினதால் உயிர் பிழைத்தான். ஜவுளிக் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். கோவிலில் உன் பெயருக்கு அர்ச்சனை, என் தைரியத்துக்குப் பாராட்டு. ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை நீ கண்விழித்து, கட்டுப்போட்ட கையைப் பார்த்தாய். மூடியைத் துடைத்தது வரைக்கும்தான் நினைவிருக்கிறது என்றாய். அப்புறம் மெல்ல, "நான் பிளக்கை ஊரலியாப்பா?" என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் நின்றாள். நான் "இல்ல மக்கா" என்றேன். 'ஊரினாய்' என்று சொல்ல அந்த ஒரு தருணம் போதும். நீ தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாய். நான் சொன்னதால் ஒத்துக்கொண்டாய்.

அன்று நவமி. அம்மா உன் பக்கத்தில் இருந்தாள், உனக்குக் கஞ்சி எடுத்துவர நான் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். பூஜையில் வைத்த சால்டரிங் அயனை இலையிலிருந்து எடுத்தேன். எடுக்கக்கூடாத நாள் என்று தெரிந்தே எடுத்தேன். வெட்டிவிட்ட அந்தக் கம்பிக் காலை மறுபடி பற்றவைத்து, மூடியைப் போட்டு, அயனை ஆறவைத்து, நெற்றிப்பொட்டு மாதிரி அதன் பிடியில் இருந்த குங்குமம் கலைந்திருந்ததால் புதிதாக ஒன்று வைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். சரிசெய்வதற்காக அப்படி அவசரப்பட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். யாராவது மூடியைத் திறந்து பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான் உண்மை. பற்றவைக்கும்போது எரிகிற குங்கிலியம் வீடெல்லாம் மணத்தது. சாயந்தரம் குளிக்க வந்த அம்மா மோந்து பார்த்துவிட்டு, "சாம்பிராணி போட்டேளா?" என்றாள். "ஆமா" என்றேன். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும் சாமியை மறக்காத மனுஷன் என்று அதற்கும் எனக்கு நல்ல பெயர்.

பூஜைக்கு வித்துராவில் தன் வீட்டுக்குப் போயிருந்த குட்டன் மேஸ்திரி நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தார். கேள்விப்பட்டதும் நேராக வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். "புது ஈயமாணல்லோ அண்ணாச்சி" என்றார். புதிதாகப் பற்றவைத்த ஈயம் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. "மகனோடு பறயணும்" என்றார். "சொல்லுகேன்" என்றேன். அவர் வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு விஜயதசமி காலையிலும் வாசலில் வந்து நின்று, "பறஞ்ஞோ?" என்று, சொல்லியாயிற்றா என்று, ஒரே ஒரு கேள்வி. 'அடுத்த லீவுக்கு வரும்போது' என்பேன். போன தடவை அவர் கேட்கவே இல்லை, என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கேட்டிருந்தால் தேவலாம்போல இருந்தது.

அதற்குப் பிறகு நீ சவத்தின் பக்கமே வரவில்லை. பில் எழுத உட்கார்ந்தாய். வீட்டில் விளக்கைப் போடும்போதுகூட சுவிட்சை ஒரு தடவை பார்த்து, கையைத் துடைத்து, மறுபடி பார்த்துப் போடுவாய். தலையைச் சாய்த்து இரைச்சலைக் கேட்கிற அந்தப் பையனைக் காணோம். மதராஸில் வேலை கிடைத்தபோது ரேடியோவுக்கே போகிறான் என்று சந்தோஷப்பட்டேன், நீ ஸ்டோரில் வால்வுகளை எண்ணி அலமாரியில் வைக்கிற வேலையைக் கேட்டு வாங்கினாய் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்று காலை அம்மாவிடம் எல்லாம் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "மூணு வருசமாட்டு அந்தப் பிள்ளைகிட்ட பாத்துத் தொடு, பாத்துத் தொடுன்னு நான் நச்சரிச்சேனே, அதுக்கெல்லாம் யாரு பொறுப்பு? சொல்லுங்கோ." நான்தான் என்றேன். "அப்ப எழுதுங்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ள அவன் கையில இருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள்தான். இதுவரை பேச்சில்லை. ஆனால் பதினொரு மணிக்கு மோர் வந்தது, அதனால் எனக்குப் பெரிய கவலை இல்லை.

கல்யாணம் ஆகப்போகிற வயதில் இருக்கிறாய், புத்திமதி சொல்லாமல் விட்டால் தகப்பன் எழுதிய கடிதம் மாதிரி இருக்காது. உன்னைப் பற்றி அடுத்தவர் சொல்வதைக் கேட்டுக்கொள், ஆனால் சொல்கிறவன் எங்கே நின்றுகொண்டு சொல்கிறான் என்று பார். தகப்பனே சொன்னாலும் பார். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அவனுக்கு உன்னால் ஒரு அடி பட்டால், அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் கழிந்தால் அதைச் சொல்ல இரண்டு வார்த்தை கூடுதலாக வேண்டும், மூன்று வருஷம் கழிந்தால் இத்தனை காகிதம் வேண்டியிருக்கிறது. வேலையில், சும்மா சூடாகிக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிற எதையாவது வெட்டுவதற்கு முன் மோட்டார்க்காரரைக்கூடக் கேள், அவர் ஏன் என்று சொல்லாவிட்டால் இன்னொரு தடவை கேள். மெஸ்ஸில் ராத்திரி மோரைத் தவிர்க்காதே, உனக்குச் சூட்டு உடம்பு.

எழுதி முடித்துவிட்டேன் என்று பேனாவை மூடினேன். அப்புறம் மறுபடி திறந்திருக்கிறேன். மேலே அஷ்டமி சாயந்தரத்தை எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை, சொன்னால் நாளைக்கு மோரும் வராது. உன் நினைவிலிருந்து அதை அந்த அடி அழித்துவிட்டது, என் நினைவில்தான் இருக்கிறது. பிளக்கை உருவிவிட்டாய், துடைத்துவிட்டாய், விரலில் சந்தனத்தை எடுத்துவிட்டாய். எடுத்துக்கொண்டு நேராகப் போகவில்லை. பெட்டிக்கு முன்னால் குனிந்து, கையைப் பாதியில் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்து, "தொடலாமாப்பா?" என்று கேட்டாய். உனக்கு உள்ளே ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது, அல்லது நீ எப்போதும் கேட்கிற வழக்கத்தில் கேட்டிருக்கலாம். நான் சாமி படத்துக்கு மாலை நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "தொடு தொடு, நேரமாவுது" என்றேன்.

கை நிதானம் இல்லாதவன் இப்படிக் கேட்கமாட்டான் மக்கா. அன்று அந்த அறையில் நிதானமாக இருந்த ஒரே ஆள் நீதான். ஸ்டோர் பிடித்திருந்தால் ஸ்டோரிலேயே இரு, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் உன் கையைப் பற்றி நான் சொன்னதற்காக இருக்காதே. இன்று திங்கள்கிழமை. இப்போதே போய்த் தபாலில் போட்டால் புதன்கிழமை உனக்குக் கிடைத்துவிடும், யோசிக்க ஒரு முழு நாள் இருக்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டேன், வழியில் குட்டன் மேஸ்திரி கடையில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும், அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

உன் அப்பா